கணையத்தில் நாளமும் திட்டும்



நீரிழிவு என்ற சொல்லைக் கேளாத இல்லம் இன்று நம்மவரிடையே அரிது. அதனோடு இன்சுலின் என்ற சொல்லும் அடுப்படிவரை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அச்சொல்லுக்குள் ஒரு தீவு ஒளிந்திருப்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். இலத்தீன் மொழியில் ‘இன்சுலா’ என்றால் தீவு. இந்தத் தீவு எங்கே இருக்கிறது, அதைச் சூழ்ந்தோடும் நீர் எது, இரண்டுக்கும் உறவு என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் மெல்லிய உறுப்பு கணையம். எடை 100 கிராமுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால்பகுதி இடப்புறத்தில் மண்ணீரலை எட்டுகிறது. கிரேக்கர் இதற்கு இட்ட பெயருக்கு ‘முழுதும் தசை’ என்று பொருள். எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. ஆகவே எல்லாம் தசையே என்று கண்டார்கள் போலும். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் அறிந்தது சொற்பம். பெரிய இரத்தக் குழாய்களைக் காக்க இயற்கை இட்ட மெத்தை அது என்பதே மருத்துவப் பேராசான் காலென் கொண்ட கருத்து. அக்கருத்து பல நூற்றாண்டுகள் அசையாமல் நின்றது.

உண்மையில் இந்த ஓர் உறுப்புக்குள் இரண்டு சுரப்பிகள் குடியிருக்கின்றன. பெரியது செரிமானத்திற்கானது. கணையத்தின் பெரும்பகுதி, நுண்ணிய பைகளைப் போன்ற உயிரணுக் கூட்டங்களால் ஆனது. ஒவ்வொரு பையிலும் ஊறும் நீர் மயிரிழை போன்ற நாளத்தில் இறங்குகிறது. அந்நாளங்கள் கூடிப் பெரிய நாளங்களாகின்றன. நஞ்சை வயலின் சிறு வடிகால்கள் ஒன்றுகூடிப் பெருவடிகாலில் விழுவதை ஒத்தது இந்த அமைப்பு. கணையத்தின் நெடுகிலும் ஓடும் தலைமை நாளம், பெரும்பாலும் பித்தநாளத்தோடு சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கணையநீர் இவ்வழியே குடலைச் சேர்ந்து, நாம் உண்ணும் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கிறது.

சிறியது மற்றொன்று. அந்தப் பைகளுக்கிடையே, ஆற்றிடைக் குறைகளைப் போல, வெளிறிய சிறு உயிரணுத் திரள்கள் ஆங்காங்கே காணப்படுகின்றன. இவையே திட்டுகள். மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் திட்டுகள் உண்டு. எனினும் அனைத்தையும் சேர்த்து நிறுத்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே தேறும். இவற்றுக்கு நாளம் இல்லை. இன்சுலினையும், அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககானையும் இவை நேரே இரத்தத்தில் விடுகின்றன. ஆகவேதான் தம் எடைக்கு மிஞ்சிய பங்கு இரத்தத்தை இவை பெறுகின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது குறை உண்டு. இத்தகைய சுரப்பிகளை ‘நாளமில்லாச் சுரப்பிகள்’ என்று தமிழில் பெயரிட்டோம். விளங்கும் சொல்தான், பாடநூல்களில் வேரூன்றியும் விட்டது. ஆயினும் ஒன்று எதை இல்லாதது என்பதைக் கொண்டு பெயரிடும்போது, அந்த இல்லாத பொருளுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தங்கிவிடுகிறது. கணையத்தில் அவ்வாறன்று. திட்டின் வரலாறு முழுவதும் நாளத்தோடு பின்னிக் கிடக்கிறது. திட்டைக் கண்டறிந்த வரலாறும் அப்படியே; திட்டு கருவில் தோன்றும் வரலாறும் அப்படியே; திட்டு அழிவதும் சிலரிடம் நாளத்தின் வழியாகத்தான்.

முதலில் கண்ணுக்குப் பட்டது நாளமே. 1642 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இத்தாலியின் பாதுவா நகரில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்து ஆய்ந்துகொண்டிருந்த ஜெர்மானியர் யோஹான் கியோர்க் விர்சுங் என்பார், கணையத்தின் நடுவே நீண்டோடும் குழாயைக் கண்டார். இதைத் தமனி என்பதா, சிரை என்பதா? உள்ளே இரத்தம் இல்லையே! ஐயந்தீராத விர்சுங், தாம் கண்டதைச் செப்புத் தகட்டில் செதுக்கிப் படியெடுத்துப் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர்களுக்கு அனுப்பி, இதன் பயன் யாதெனக் கேட்டார். விடை அறியும் பேறு அவருக்கு இல்லை. 1643 ஆகஸ்டில் தம் வீட்டு வாயிலருகே கொலையுண்டார். 1664 இல் ஹாலந்து நாட்டு இளைஞர் ரெக்னியர் தெ கிராஃப், நாயின் கணைய நாளத்தில் குழல் செருகி அந்நீரைச் சேகரித்துக் காட்டினார். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாது பெர்னார், கணையநீர் கொழுப்பைச் செரிக்கச் செய்வதை நிறுவினார்.

நாளத்தின் கதை அத்துடன் முடிந்தது என்றே அன்று எவரும் கருதியிருப்பர். 1869 இல் பெர்லினில் மருத்துவப் பட்டத்திற்காக ஆய்வுரை எழுதிய பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர், முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்து அதன் உயிரணுக்களை வகைப்படுத்தினார். ஒன்பது வகை எண்ணினார். அவற்றுள் ஒரு வகை, சிறு சிறு குவியல்களாகத் தனித்து நின்றன. இவற்றின் வேலை இன்னதென்று தம்மால் கூற இயலவில்லை என்று அவ்விளைஞர் வெளிப்படையாக எழுதினார். பட்டத்திற்கு எழுதும் கட்டுரையில் இத்தகைய நேர்மை எக்காலத்தும் எளிதன்று. காசநோய்க்கு ஆளான அவர் மதீரா என்னும் தீவில் வாழ்ந்து, 1888 இல், 41 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்னர் மறைந்தார். அக்குவியல்களுக்குத் ‘திட்டுகள்’ என்ற பெயரும், லாங்கர்ஹான்ஸின் பெயரும் 1893 இல்தான் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் என்பாரால் சூட்டப்பெற்றன. வாழ்வின் இறுதிக் காலத்தைத் தீவில் கழித்தவரின் பெயர், அவர் கண்ட தீவுகளுக்கு அமைந்தது.

லாங்கர்ஹான்ஸ் மறைந்த மறு ஆண்டே, 1889 இல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை முழுதும் அகற்றினர். அதற்குக் கடுமையான நீரிழிவு கண்டது. சரி, கணையம் போனதால் கணையநீரும் போயிற்று, அதனால்தான் நீரிழிவோ? அன்று. கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் குடலுக்கு நீர் போவது நிற்கிறது, செரிமானம் கெடுகிறது, ஆயினும் நீரிழிவு தோன்றுவதில்லை. இன்னும் வியப்பு என்னவெனில், கணையத்தின் ஒரு துண்டை மட்டும் தோலுக்கடியில் ஒட்டவைத்து, எஞ்சிய கணையத்தை அகற்றினாலும் நாய் நலமாகவே இருந்தது. அத்துண்டையும் எடுத்தபின்னரே நீரிழிவு தலைகாட்டியது. தோலுக்கடியில் கிடக்கும் துண்டுக்குக் குடலோடு ஏது நாளம்? அப்படியாயின் கணையம் நாளத்தின் வழியே அனுப்புவது ஒன்று, இரத்தத்தின் வழியே அனுப்புவது மற்றொன்று என்பது தெளிவாயிற்று.

அந்த மற்றொன்று எங்கே ஊறுகிறது? இவ்விடத்தில் நாளம் மீண்டும் கைகொடுத்தது. ரஷ்ய அறிஞர் சோபோலெவ், 1900 ஐ ஒட்டிய ஆண்டுகளில், முயல், பூனை, நாய் ஆகியவற்றின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டுப் பல வாரங்கள் காத்திருந்தார். வடிகால் அடைபட்ட வயல் பாழாவதுபோல், செரிமான நீரை ஊறவைக்கும் பைகள் வாடிச் சுருங்கின. ஆனால் திட்டுகள் வாடவில்லை. விலங்குகளின் சிறுநீரில் சருக்கரையும் இல்லை. இம்முறையில் திட்டுகளைத் தனித்துப் பெறலாம், அவற்றின் சாரத்தைக் கொண்டு நீரிழிவுக்கு மருந்தும் காணலாம் என்று அவர் அன்றே எழுதிவைத்தார். அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இருபது ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகர மருத்துவர் மோசஸ் பாரன், பிணஆய்வு ஒன்றில், கணையத்தின் தலைமை நாளத்தைக் கல் ஒன்று அடைத்திருக்கக் கண்டார். பைகள் வாடியிருந்தன, திட்டுகள் பெரும்பாலும் நிலைத்திருந்தன. சோபோலெவ் நூலால் செய்ததை இயற்கை கல்லால் செய்திருந்தது. 1920 இல் வெளிவந்த அக்கட்டுரையைக் கனடாவில் இளம் அறுவை மருத்துவர் பிரெடெரிக் பான்டிங் படித்தார். அக்டோபர் 31 ஆம் நாள் விடியுமுன் எழுந்து ஒரு குறிப்பு எழுதினார். நாயின் கணைய நாளத்தைக் கட்டுவது, பைகள் வாடும்வரை காத்திருப்பது, எஞ்சிய திட்டுகளின் சாரத்தை எடுப்பது — இவ்வளவே அதன் சாரம். 1921 கோடையில் டொரான்டோவில், மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், மாணவர் பெஸ்டின் துணையோடு வேலை தொடங்கியது. வேதியியல் அறிஞர் கோலிப் சாரத்தைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரி 11 இல் 14 வயதுச் சிறுவனுக்கு இட்ட முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. 23 ஆம் நாள் கோலிப்பின் சாரத்தை இட்டபோது இரத்தச் சருக்கரை இறங்கியது.

இக்கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நாளத்தைக் கட்டத் தேவையே இருக்கவில்லை! கணையநீரின் நொதிகள் இன்சுலினைத் தின்றுவிடும் என்று பான்டிங் அஞ்சினார். ஆனால் புரதத்தைச் சிதைக்கும் நொதி கணையத்துக்குள் செயலற்ற வடிவத்தில்தான் இருக்கிறது. முன்சிறுகுடலை அடைந்த பின்னரே விழித்தெழுகிறது. குளிரும் சாராயமும் கொண்டு கவனமாக வடித்தால், கசாப்புக் கூடத்து மாட்டின் முழுக் கணையத்திலிருந்தே இன்சுலின் கிடைக்கும் என்பது அந்த ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. தேவையற்ற கட்டு ஒன்று தேவையான மருந்துக்கு வழிகாட்டியது. ஐயத்திற்கு இடமில்லாச் சான்றை அதே 1922 இல் மெக்லியாட் மீன்களிடம் தேடினார். எலும்பு மீன்கள் சிலவற்றில் திட்டுத் திசு, செரிமானத் திசுவினின்றும் பிரிந்து தனிக் கட்டியாகவே அமைந்திருக்கிறது. திட்டுக் கட்டியில் இன்சுலின் இருந்தது, மற்றதில் இல்லை.

மீனிடம் பிரிந்தே நிற்கும் இவ்விரண்டும் நம்மிடம் ஏன் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன? விடை கருவில் இருக்கிறது. கருவுற்ற நான்காம், ஐந்தாம் வாரங்களில், குடலாகப் போகும் குழாயின் முன்னும் பின்னும் இரண்டு மொட்டுகள் அரும்புகின்றன. பின்னர் அவை சுழன்று ஒன்றாகின்றன. மொட்டு வளர்ந்து கிளைவிடும்போது அது முழுவதும் நாளமே. கிளைத்துச் செல்லும் குழாய்களின் தொகுதியே. கிளைகளின் நுனியில் உள்ள உயிரணுக்கள் பிற்பாடு செரிமானப் பைகளாகின்றன. கிளைகளின் சுவரில் உள்ள சில உயிரணுக்களோ, ஒரு குறிப்பிட்ட மரபணு விழித்ததும், சுவரைவிட்டு நழுவி வெளியே வந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. அவைதாம் திட்டுகள். ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் இன்சுலின் உயிரணுக்களைக் காண முடிகிறது. நாளமில்லாச் சுரப்பி நாளத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்றால் மிகையாகாது.

பிறந்த வீட்டின் உறவு முற்றும் அற்றுப்போவதும் இல்லை. சிக்காகோவைச் சேர்ந்த பென்ஸ்லி, 1911 இல், கினிப்பன்றியின் கணையத்தில் சாயங்களை ஏற்றி, திட்டுகள் பல நுண்ணிய நாளங்களோடு உயிரணு இழைகளால் இணைந்திருப்பதைக் காட்டினார். இவ்விணைப்பு ஒட்டுதலே அன்றித் திறப்பு அன்று. இன்சுலின் நாளத்தில் வடிவதில்லை. வளர்ந்த மனிதரின் கணையத்தைச் சீவி நுண்ணோக்கியில் நோக்கினாலும், திட்டுகள் சில நாளத்தை அணைந்தே நிற்பதையும், நாளச்சுவரிலேயே இன்சுலின் உயிரணுக்கள் ஒற்றை ஒற்றையாய்ப் பதிந்திருப்பதையும் காணலாம். போக்குவரத்தும் உண்டு. திட்டினின்று வெளிவரும் இரத்தத்தில் ஒரு பகுதி, பொது ஓட்டத்தில் கலக்குமுன் சுற்றியுள்ள பைகளினூடே செல்கிறது. இன்சுலினின் முதல் வாடிக்கையாளர் அண்டை வீட்டார். இன்சுலின் உயிரணுக்கள் அழிந்துபோகும் முதல்வகை நீரிழிவில் கணையம் முழுவதுமே சிறுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

இனி, நம் நாட்டோடு நேரே தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். பாரன் கண்ட கல்லைச் சற்று நினைவில் கொள்ளுங்கள். நாளத்தைக் கல் அடைத்தும் திட்டுகள் தப்பின என்பது அவர் கண்டது. ஆனால் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960 களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டது வேறு. சிறு வயதிலோ இளமையிலோ வயிற்றுவலி. சில ஆண்டுகள் கழித்து, எக்ஸ்ரே படத்தில் கணைய நாளம் நெடுகச் சுண்ணாம்புக் கற்கள். பிறகு, பலருக்கு 30 வயதுக்குள்ளாகவே, நீரிழிவு. இவர்களிற் பெரும்பாலோர் மதுவைத் தொட்டவரும் அல்லர். இந்தோனேசியாவில் ஸுயிடெமா என்பார் 1950 களில் இத்தகையோரைக் கண்டு எழுதியிருந்தார். தமிழகத்திலும், இந்தியாவின் பிற பகுதிகளிலும் இந்நோய் உண்டு.

நாயின் நாளத்தைக் கட்டினால் வராத நீரிழிவு, மனிதனின் நாளத்தில் கல் அடைத்தால் ஏன் வருகிறது? வேறுபாடு காலத்தில் இருக்கிறது. சோபோலெவ் காத்தது சில வாரங்களும் திங்களும். கல்லோ பத்து இருபது ஆண்டுகள் கிடக்கிறது. அழற்சி மீண்டும் மீண்டும் தோன்றி ஆற, ஆறிய இடமெல்லாம் நார்த்திசு பரவுகிறது. வயல் பாழானபின் முட்புதர் மண்டுவதுபோல அது திட்டுகளைச் சுற்றி வளைத்து நெருக்கி, இரத்தத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல அழிக்கிறது. திட்டில் இன்சுலின் உயிரணுக்கள் மட்டுமன்றி, குளுக்ககான் உயிரணுக்களும் குறைகின்றன. ஆகவே இந்நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும் வேளையிலும், சருக்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் அதை ஏற்றிவிடும் காவலும் தளர்ந்திருக்கிறது. மருந்தின் அளவில் மிகுந்த எச்சரிக்கை வேண்டியிருப்பது இதனாலேயே.

காரணம் எது? மரவள்ளிக் கிழங்கின் மீது பல காலம் பழி சுமத்தினார்கள். கேரளத்தில் ஏழை மக்களின் உணவு அது. அதில் சயனைடு உண்டு. ஆகவே அதுவே குற்றவாளி என்றார்கள். ஆனால் மரவள்ளியை உண்ணாத பகுதிகளிலும் நோய் காணப்பட்டது. உண்பவரிற் பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர். 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நொதி அகாலத்தில் விழித்துக்கொள்ளாமல் கணையத்துக்குள்ளேயே அடக்கிவைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் மாறுதல் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பது தெரியவந்தது. ஏழையின் உணவைக் குற்றம் சொல்வது எப்போதும் எளிது. அதைவிட உட்புறத்தில் தேட வேண்டியிருந்தது. பெயரிலும் மாற்றம் வந்தது. ஊட்டக்குறை நீரிழிவு என்ற பிரிவில் உலக நல நிறுவனம் 1985 இல் இதைச் சேர்த்திருந்தது. 1999 இல் அப்பிரிவையே கைவிட்டு, செரிமானக் கணையத்தின் நோய்களால் விளையும் நீரிழிவு என்ற வரிசையில் வைத்தது. திட்டின் நோயை நாளத்தின் கணக்கில் எழுதியது பொருத்தமே.

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் அறிய வேண்டியது உண்டு. இளம் வயதினர் ஒருவருக்கு மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி அடிக்கடி வந்துபோயிருந்தால், மலம் எண்ணெய்ப் பசையுடன் கழிந்தால், உண்டும் உடல் மெலிந்தால், பிறகு நீரிழிவும் கண்டால், பழைய வலியின் வரலாற்றைப் புதிய ஊரின் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். ஊர் மாறும்போது பழைய சீட்டுகள் தொலைந்துவிடுகின்றன. வலியும் ‘வாயு’ என்ற பெயரில் மறக்கப்பட்டுவிடுகிறது. ஓர் எக்ஸ்ரே படமோ, ஒலியலைப் படமோ, நுண்மையான ஸ்கேன் படமோ கற்களைக் காட்டிவிடக்கூடும். அத்தகையோருக்கு இன்சுலினோடு செரிமான நொதிகளையும் உணவுடன் தர வேண்டியிருக்கும். இரண்டு சுரப்பிகளும் கெட்டிருக்க, ஒன்றுக்கு மட்டும் மருந்து தந்தால் உடல் தேறாது.

வலி தாங்கமுடியாத சிலருக்குக் கணையத்தையே அகற்றவும் நேர்கிறது. 1977 இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அத்தகைய அறுவையின்போது ஒரு துணிவான முயற்சி செய்தார்கள். அகற்றிய கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, அதே நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் செலுத்தினார்கள். திட்டுகள் கல்லீரலில் தங்கி இன்சுலின் சுரக்கலாயின. திட்டுகளைப் பிரிக்க இன்று கையாளும் முறை யாது தெரியுமா? விர்சுங் கண்ட அதே நாளத்தின் வழியே, இணைப்புத் திசுவைக் கரைக்கும் நொதியைச் செலுத்துகிறார்கள். பைகள் கலைந்து விழத் திட்டுகள் தனித்து மிதக்கின்றன.

வளர்ந்தவரின் நாளம் மீண்டும் திட்டுகளை ஈனுமா என்பது இன்னும் வழக்கில் இருக்கும் வினா. நாளச்சுவரிலிருந்து திட்டுகள் அரும்புகின்றன என்று கருதி, 1938 இல் லெய்ட்லா என்பார் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, ‘திட்டு ஆக்குவோர்’ என்ற பொருளில் அவ்வுயிரணுக்களுக்குப் பெயரே இட்டார். 2004 இல் ஹார்வர்டில், சுண்டெலியின் இன்சுலின் உயிரணுக்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தவர்கள், புதிய உயிரணுக்கள் பழைய இன்சுலின் உயிரணுக்கள் இரண்டாகப் பிளப்பதாலேயே தோன்றுகின்றன என்றார்கள். 2008 இல் பிரசல்ஸ் நகரத்தார், கணையத்தின் வால்பகுதிக்குச் செல்லும் நாளத்தை மட்டும் கட்டி, நாளத்தின் அருகே கருக்காலத்து மரபணு மீண்டும் விழிப்பதைக் கண்டதாக அறிவித்தார்கள். பிற ஆய்வுக்கூடங்கள் அதையே செய்து பார்த்தபோது முடிவு ஒத்துவரவில்லை. சோபோலெவின் நூல்கட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அவிழாமல் இருக்கிறது. இதற்கிடையில், மனித மூல உயிரணுக்களிலிருந்து கண்ணாடிக் கலத்தில் இன்சுலின் உயிரணுக்களை வளர்க்கத் தொடங்கிவிட்டனர். குடற்குழாய், கணைய மொட்டு, சுவரை விட்டு நழுவ ஆயத்தமாகும் உயிரணு என்று கருவில் நிகழ்ந்த அதே படிகளை ஒவ்வொன்றாகக் கடந்தே அங்கும் அவை உருவாகின்றன.